வெண்கலப் பாம்பில் சிலுவையைக் கண்டவர்கள்

கி.மு. 8ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் யூதாவின் அரசனான எசேக்கியா எருசலேமின் வழிபாட்டைச் சீர்திருத்தப் புறப்பட்டான். வழிபாட்டு மேடைகளை அகற்றினான், சிலைகளைத் தகர்த்தான், விக்கிரகத் தோப்புகளை வெட்டினான். அதே கையோடு இன்னொன்றையும் உடைத்தான். மோசே செய்த வெண்கலப் பாம்பு அது. மக்கள் அதற்குத் தூபம் காட்டி வந்தார்கள் என்று இராஜாக்களின் இரண்டாம் புத்தகம் காரணம் சொல்கிறது (18:4). மோசேயின் கைப்பட்ட பொருளாயிற்றே என்று அந்த நூலாசிரியர் ஒரு வார்த்தைகூட வருந்தவில்லை. அரசனைப் பாராட்டுகிறார்.

விக்கிரகம் என்று உடைத்தெறியப்பட்ட அந்தப் பொருளைத்தான் ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளுக்குப் பின் எழுதப்பட்ட யோவான் நற்செய்தி மறுபடி தூக்கி நிறுத்துகிறது. இரவில் தேடி வந்த நிக்கொதேமு என்ற பரிசேயரிடம் இயேசு பேசுகிறார்: வனாந்தரத்தில் மோசே பாம்பை உயர்த்தியதுபோல மனுஷகுமாரனும் உயர்த்தப்பட வேண்டும் (3:14). ஆட்டுக்குட்டியைச் சொல்லியிருக்கலாம், ஆலயத்தைச் சொல்லியிருக்கலாம். ஏதேன் தோட்டத்தில் மனிதரை ஏமாற்றிய உயிரினத்தின் வடிவத்தை, அதுவும் நல்ல அரசன் ஒருவன் நொறுக்கிய சிலையை, ஏன் எடுத்தார்?

இஸ்ரயேலின் புனிதப் பொருள்களைக் கிறிஸ்தவர்கள் மீட்பின் அடையாளங்களாக வாசித்ததைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் நேராகப் பட்டியலுக்குப் போய்விடுகிறார்கள். நோவாவின் பேழை என்றால் திருச்சபை, வனாந்தரத்தில் வானிலிருந்து வந்த உணவான மன்னா என்றால் நற்கருணை, செங்கடல் என்றால் ஞானஸ்நானம் என்று இரண்டு பத்தியில் காரியம் முடிந்துவிடும். பட்டியலில் தவறில்லை. ஆனால் அந்த அர்த்தம் எந்த வழியாக வந்தது, யார் அதை மறுத்தார்கள், எங்கே அது தடம் புரண்டது என்பவைதான் சுவாரசியமானவை. அதற்குப் பாம்பைவிட நல்ல உரைகல் கிடையாது.

நிழல், சாயல், முன்னடையாளம்

இந்த வாசிப்பு முறையை முன்னடையாளம் என்ற சொல்லால் குறிப்பார்கள். பழைய ஏற்பாட்டில் வரும் ஒரு மனிதரோ நிகழ்ச்சியோ பொருளோ பின்னால் வரவிருக்கும் பெரிய ஒன்றை முன்கூட்டியே காட்டி நிற்கிறது என்பது அதன் அடிப்படை. கொலோசெயருக்கு எழுதப்பட்ட நிருபம் உணவு விதிகளையும் பண்டிகைகளையும் வரப்போகிறவற்றின் நிழல் என்கிறது (2:17). எபிரெயர் நிருபம் வனாந்தரத்தில் வழிபாட்டுக்காக அமைத்த மோசேயின் ஆசரிப்புக் கூடாரத்தைப் பரலோகத்தில் இருப்பவற்றின் சாயல் என்கிறது (8:5). பவுலோ இன்னும் ஒரு படி மேலே போய், வனாந்தரத்தில் தண்ணீர் கொடுத்த பாறை கிறிஸ்துவே என்று ஒரே போடாகப் போட்டுவிடுகிறார் (1 கொரிந்தியர் 10:4).

இதை உருவகத்தோடு குழப்பிக்கொள்வது எளிது. இயேசுவின் காலத்தில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த யூத அறிஞர் பிலோ, ஆசரிப்புக் கூடாரத்தை அணு அணுவாக விளக்கியவர். திரைகளின் நான்கு வண்ணங்கள் நிலம், நீர், காற்று, நெருப்பு என்ற நான்கு பூதங்கள். ஏழு கிளை விளக்குத்தண்டு ஏழு கோள்கள். யூத வரலாற்றாசிரியர் யோசேப்பும் ஏறக்குறைய இதையே சொல்கிறார். இந்த விளக்கத்தில் காலத்துக்கு இடமில்லை. விளக்குத்தண்டு அன்றும் இன்றும் கோள்களையே குறித்து நிற்கும். முன்னடையாளம் அப்படிப்பட்டதன்று. முதலில் ஒன்று உண்மையாகவே நடந்தது, பிறகு அதைவிடப் பெரியது நடந்தது, இரண்டையும் நடத்தியவர் ஒரே கடவுள் என்ற நம்பிக்கை இல்லாமல் அது நிற்காது. முதல் நிகழ்ச்சியைக் கற்பனை என்று சொல்லிவிட்டால் இரண்டாவதும் சரிந்துவிடும். ஆனாலும் பிலோவை மறந்துவிடக் கூடாது. புனிதப் பொருளுக்குள் ஆழ்ந்த அர்த்தம் தேடும் பழக்கம் கிறிஸ்தவம் கண்டுபிடித்ததல்ல, யூத வீட்டிலிருந்து எடுத்துவந்தது என்பதற்கு அவரே சாட்சி.

இந்த வாசிப்பு இவ்வளவு வேரூன்றியதற்கு ஒரு நெருக்கடியும் காரணம். 2ஆம் நூற்றாண்டில் மார்சியோன் என்பவர் யூத வேதத்தின் கடவுள் வேறு, இயேசு அறிவித்த கடவுள் வேறு என்று போதித்தார். பழைய நூல்களை அப்படியே, எழுத்துக்கு எழுத்து வாசியுங்கள், அப்போது அவை நமக்கு வேண்டாதவை என்று தெரியும் என்பது அவர் வாதம். ரோமாபுரிச் சபை கி.பி. 144இல் அவரை விலக்கியது. ஆனால் விலக்கினால் மட்டும் போதுமா? பலிகளின் இரத்தமும் பலகைகளின் முழ அளவும் நிறைந்த அந்த நூல்களை, ஒருநாளும் பலி செலுத்தப் போகாத புறவினத்துக் கிறிஸ்தவர்கள் எதற்காக வாசிக்க வேண்டும்? அவற்றில் கிறிஸ்து இருக்கிறார் என்ற பதில்தான் லேவியராகமத்தைக் கிறிஸ்தவ வேதாகமத்துக்குள் காப்பாற்றி வைத்தது என்றே நினைக்கிறேன்.

இன்னொரு காரணம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அந்தப் பொருள்கள் எதுவும் கையில் இல்லை. கட்டளைப் பலகைகளை வைத்திருந்த உடன்படிக்கைப் பெட்டி பாபிலோனியர் கி.மு. 6ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எருசலேமை அழித்ததற்குப் பிறகு வரலாற்றில் தென்படவில்லை. மறுபடி கட்டப்பட்ட ஆலயத்தின் மகா பரிசுத்த இடம் வெறுமையாகவே இருந்தது. கி.மு. 63இல் ரோமத் தளபதி பாம்பே அதற்குள் நுழைந்தபோது சிலை எதுவும் இல்லாத வெற்றிடத்தைக் கண்டார் என்று ரோம வரலாற்றாசிரியர் தாசித்து எழுதுகிறார். அங்கே ஒன்றுமே இல்லை என்று யோசேப்பும் சொல்கிறார். மிச்சமிருந்த விளக்குத்தண்டையும் அப்பமேசையையும் கி.பி. 70இல் ரோமத் தளபதி தீத்துவின் படை ரோமாபுரிக்கு எடுத்துச் சென்றது. அந்த ஊர்வலக் காட்சியைத் தீத்துவின் வளைவில் இன்றும் பார்க்கலாம். எனவே பெட்டிக்குள் பொற்கலசத்தில் மன்னாவும் ஆரோனின் துளிர்த்த கோலும் இருந்தன என்று எபிரெயர் நிருபத்தின் ஆசிரியர் எழுதும்போது கண்ணால் பார்த்து எழுதவில்லை. யாத்திராகமத்தையும் எண்ணாகமத்தையும் வாசித்து எழுதுகிறார். பொருள் மறைந்து எழுத்து மட்டும் எஞ்சியபோதுதான் இந்த வாசிப்பு செழித்தது.

அன்றைய கிறிஸ்தவர்கள் இதை எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்பதற்குச் சர்தை நகர ஆயர் மெலித்தோ நல்ல விளக்கம் தருகிறார். 2ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், எகிப்திலிருந்து பெற்ற விடுதலையை நினைவுகூரும் பாஸ்கா பற்றி அவர் ஆற்றிய மறையுரை 1940இல்தான் முதன்முதலில் பதிப்பிக்கப்பட்டது. சிற்பி முதலில் மெழுகிலோ களிமண்ணிலோ மரத்திலோ மாதிரி ஒன்று செய்கிறான். எழப்போகும் வேலைப்பாட்டை அந்தச் சிறிய மாதிரியில் பார்த்துக்கொள்கிறான். வேலை எழுந்த பிறகு மாதிரிக்கு மதிப்பில்லை, அது கழிக்கப்படும் என்கிறார் மெலித்தோ. தெளிவான விளக்கம். அதன் கடைசி வரியில் ஒரு கூர்முனை இருக்கிறது. அது பின்னால் குத்தும்.

பாம்பைப் பார்த்தவர் பிழைத்தார்

எண்ணாகமம் 21இல் கதை சுருக்கமானது. வனாந்தரப் பயணத்தில் சலித்த மக்கள் கடவுளுக்கும் மோசேக்கும் எதிராக முறுமுறுக்கிறார்கள். கொள்ளிவாய்ச் சர்ப்பங்கள் வந்து கடிக்கின்றன. பலர் சாகிறார்கள். மோசே மன்றாடுகிறார். வெண்கலத்தில் ஒரு பாம்பைச் செய்து கம்பத்தின் மேல் வைக்கும்படி கட்டளை வருகிறது. கடிபட்டவர் அதை நோக்கிப் பார்த்துப் பிழைக்கிறார்கள்.

பாம்பு வடிவ வழிபாட்டுப் பொருள்கள் அந்த நிலப்பகுதிக்கு அந்நியமானவை அல்ல. 1969இல் பெனோ ரோதன்பெர்க் தலைமையில் நடந்த அகழாய்வில், செங்கடலின் வடமுனைக்கு அருகிலுள்ள தீம்னா செப்புச் சுரங்கப் பகுதியில், தலைக்குப் பொன் பூசிய சிறிய செம்புப் பாம்பு ஒன்று பழைய வழிபாட்டிடத்தில் கிடைத்தது. அதை மோசேயின் பாம்பாக்கிவிட வேண்டியதில்லை. ஆனால் எசேக்கியா காலத்து மக்கள் ஏன் தூபம் காட்டினார்கள் என்பது இதைப் பார்த்தால் விளங்கும்.

யூத ஆசிரியர்களுக்கே இந்தக் கதை உறுத்தலாக இருந்தது. உருவம் செய்யாதே என்று சொன்ன கடவுள் உருவம் செய்யச் சொல்வதா? கிரேக்க மொழியில் எழுதிய யூதர் ஒருவரின் படைப்பான சாலமோனின் ஞானம் என்ற நூல் அந்தப் பாம்பை "மீட்பின் அடையாளம்" என்று அழைக்கிறது (16:6). உடனே, பார்த்தவரைக் காத்தது பார்த்த பொருள் அல்ல, அனைவருக்கும் மீட்பரான நீரே என்று கடவுளை நோக்கிச் சொல்லி முடிக்கிறது. புனிதப் பொருளை மீட்பின் அடையாளம் என்று அழைக்கும் வழக்கத்தைக் கிறிஸ்தவர்கள் தொடங்கவில்லை என்பதற்கு இந்த வரி ஒன்றே போதும்.

ஏறத்தாழ கி.பி. 200இல் தொகுக்கப்பட்ட யூதச் சட்ட மரபு நூலான மிஷ்னாவில் இதே கேள்வி வருகிறது. பாம்பா கொல்லும், பாம்பா உயிர் கொடுக்கும்? இஸ்ரயேலர் மேலே நோக்கி, பரலோகத் தந்தைக்குத் தம் இதயத்தைக் கீழ்ப்படுத்தியபோது குணமடைந்தார்கள் என்பது அதன் பதில். இதற்குச் சற்று முன்னர் அதே பகுதி இன்னொரு காட்சியையும் எடுத்துக்கொள்கிறது. அமலேக்கியரோடு போர் நடக்கும்போது மோசே கைகளை உயர்த்தியிருந்தவரை இஸ்ரயேல் வென்றதே, மோசேயின் கைகளா போரை நடத்தின? அங்கேயும் அதே பதில்தான்.

இப்போது கிறிஸ்தவத் தரப்பைப் பார்ப்போம். பர்னபாவின் பெயரால் வழங்கும் ஆதித் திருமுகம் ஒன்று இருக்கிறது. அதன் 12ஆம் அதிகாரம் எடுத்துக்கொள்ளும் இரண்டு காட்சிகள் மோசேயின் விரித்த கைகளும் வெண்கலப் பாம்பும்! கைகளை விரித்த மோசே சிலுவையின் வடிவம்; கம்பத்தில் ஏறிய பாம்பு சிலுவையில் ஏறிய இயேசு. அதே இரண்டு காட்சிகள், ஒரே சங்கடம், இரண்டு விடைகள். பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்த இரண்டு சமூகங்கள் ஒரே நூலை வைத்துக்கொண்டு ஒன்றையொன்று காதில் வாங்கியபடியே வாதாடியிருக்கின்றன என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்றை நான் பார்த்ததில்லை.

2ஆம் நூற்றாண்டின் கிறிஸ்தவ எழுத்தாளர் யுஸ்தீன், திரிப்போ என்ற யூதரோடு நடத்தியதாக எழுதிய உரையாடலில் இந்த வாதத்தை வெளிப்படையாகவே வைக்கிறார். உருவம் செய்யக் கூடாது என்ற கட்டளையைத் தந்தவரே பாம்பைச் செய்யச் சொன்னார் என்றால், அது ஒரு மறைபொருளின் அடையாளமாகத்தான் இருக்க வேண்டும் என்கிறார். திரிப்போவின் தோழர்களில் ஒருவர், நானும் எங்கள் ஆசிரியர்களைப் பலமுறை கேட்டிருக்கிறேன், ஒருவரும் காரணம் சொல்லவில்லை என்று ஒப்புக்கொள்கிறார். எழுதியவர் யுஸ்தீன் என்பதால் அந்த ஒப்புதலை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். மிஷ்னாவின் பதில் நம் கண்முன் இருக்கிறதே.

கிறிஸ்தவர்களுக்குள்ளும் இது சுமுகமாகப் போகவில்லை. ஓபைத்தர் என்று அழைக்கப்பட்ட ஒரு பிரிவினர் பாம்பையே ஞானம் தந்த வள்ளலாக மதித்தார்கள். மோசேயின் பாம்பையும் யோவான் 3:14ஐயும் ஆதாரம் காட்டினார்கள். அடையாளத்துக்கும் அது குறிக்கும் ஆளுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியை அழித்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அவர்கள் உதாரணம். 4ஆம் நூற்றாண்டில் ஆயர் நசியான்சு கிரகோரி, அந்த ஆபத்தை உணர்ந்தவர்போல, பாஸ்கா மறையுரை ஒன்றில் வேறு பாதையில் போகிறார். பாம்பு கிறிஸ்துவின் சாயல் அல்ல, நேர் எதிர்ப்படிவம் என்கிறார். அது உயிரோடிருப்பதாக நம்பப்பட்டதால் காப்பாற்றவில்லை. செத்துக் கிடந்ததால், தன்னோடு தன் கீழிருந்த சக்திகளையும் சாகடித்ததால் காப்பாற்றியது. கம்பத்தில் தொங்குவது தோற்றுப்போன சாவு. வட ஆப்பிரிக்க ஆயர் அகுஸ்தீனும் யோவான் நற்செய்தி விளக்கத்தில் இதன் அருகே வருகிறார்: பாம்பு சாவைக் குறிக்கிறது, சாவிலிருந்து குணமாக ஒரு சாவைப் பார்க்க வேண்டியிருந்தது.

இவற்றில் எனக்கு வலுவாகப் படுவது ஒன்று உண்டு. யோவான் நற்செய்தி பாம்பின் தோற்றத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை; வெண்கலத்தைப் பற்றியும் பேசவில்லை. அது எடுத்துக்கொள்வது இரண்டு செயல்களை: உயர்த்துதல், நம்பி நோக்குதல். கொல்வதன் உருவமே குணமாக்கும் கருவியானது என்ற முரணும் கூடவே வருகிறது. சிலுவையும் அப்படிப்பட்ட கொலைக்கருவிதானே. பொருளின் தோற்றத்தை விட்டுவிட்டு அது செய்த வேலையைப் பிடித்துக்கொண்டால் எசேக்கியா உடைத்தது இந்த வாசிப்புக்கு இடையூறே இல்லை. பொருள் போனாலும் வேலை நிற்கிறது.

ஆனால் மனிதக் கைக்குத் தொடுவதற்கு ஏதாவது வேண்டியிருக்கிறது. மிலான் நகரின் புனித அம்புரோசியார் பேராலயத்தில் ஒரு தூணின் மேல் வெண்கலப் பாம்பு ஒன்று இருக்கிறது. 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கான்ஸ்டான்டினோப்பிளிலிருந்து வந்தது. மோசே செய்ததே இது என்று மக்கள் நெடுங்காலம் நம்பினார்கள். எசேக்கியா என்ன சொல்லியிருப்பாரோ!

பெட்டியும் பேழையும்

உடன்படிக்கைப் பெட்டி இதற்கு நேர்மாறான பொருள். அதை யாரும் உடைக்கவில்லை, தொட்டவர்தான் இறந்தார். சீத்திம் மரத்தால் செய்து உள்ளும் புறமும் பொன் தகடு வேய்ந்தது. நீளம் இரண்டரை முழம், அகலமும் உயரமும் ஒன்றரை முழம். அதன் பொன் மூடி கிருபாசனம். ஆண்டுக்கு ஒருமுறை, பாவநிவாரண நாளில், பிரதான ஆசாரியர் திரைக்குள் நுழைந்து அதன் மேலும் முன்பும் இரத்தம் தெளிப்பார் (லேவியராகமம் 16). உள்ளே கட்டளைப் பலகைகள், மேலே கேருபீன்கள் என்ற சிறகுள்ள வானதூதர் உருவங்கள், நடுவே இரத்தம். மீறப்பட்ட சட்டத்துக்கும் தூய கடவுளுக்கும் இடையில் ஓர் உயிர்.

எபிரெயர் நிருபம் இதைப் பிடித்துக்கொள்கிறது. கிறிஸ்து பிறருடைய இரத்தத்தோடு ஆண்டுதோறும் வராமல் தம் சொந்த இரத்தத்தோடு ஒரே முறை பரலோகப் பரிசுத்த இடத்துக்குள் போனார். திரை என்பது அவருடைய மாம்சம் (10:20). இங்கேயும் ஒப்புமை செயலில்தான் இருக்கிறது. பின்னால் வந்தவர்கள் மரத்தையும் பொன்னையும் கவனித்தார்கள். கெடாத மரத்தின் மேல் பொன் வேய்ந்த பெட்டி, மனித உடலோடு ஒன்றிய தெய்வ வார்த்தையின் உருவம் என்று 5ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியா ஆயர் சிரில் எழுதினார். இது தோற்றத்தை வைத்த வாசிப்புதான். ஆனால் அவர் காலத்தின் மிகக் கடினமான இறையியல் சிக்கலுக்கு, இரண்டும் கலந்துவிடாமலும் பிரிந்துவிடாமலும் இருப்பதற்கு, கண்ணால் காணக்கூடிய படம் ஒன்றை அது கொடுத்தது.

பெட்டி மரியாளுக்கும் போனது. லூக்கா முதல் அதிகாரத்தையும் சாமுவேலின் இரண்டாம் புத்தகம் 6ஆம் அதிகாரத்தையும் சேர்த்து வாசிக்கிறவர்கள் சில ஒற்றுமைகளைக் காட்டுவார்கள்: யூதா மலைநாட்டுப் பயணம், ஆண்டவரின் பெட்டி என்னிடம் வருவது எப்படி என்ற தாவீதின் கேள்வி, ஆண்டவரின் தாய் என்னிடம் வர நான் யார் என்ற எலிசபெத்தின் வியப்பு, இரண்டிலும் மூன்று மாதத் தங்கல். கத்தோலிக்கர்களின் லொரேத்தோ மன்றாட்டுமாலை மரியாளை உடன்படிக்கையின் பெட்டகம் என்றே விளிக்கிறது. சீர்திருத்தச் சபையினர் பெரும்பாலும் இதை ஏற்பதில்லை. எத்தியோப்பிய மரபுவழித் திருச்சபையிலோ பெட்டி வெறும் நினைவாகவே நின்றுவிடவில்லை. ஒவ்வொரு கோவிலிலும் அதைக் குறிக்கும் தாபோத் என்ற புனிதப் பலகை இல்லாமல் பலிபீடம் கிடையாது.

மேற்கு ஐரோப்பாவில் பெட்டி ஓவியமாகவும் வாழ்ந்தது. பிரான்சில் லுவார் நதியருகே ஜெர்மினி என்ற ஊரில், சார்லமேனின் அவை அறிஞர் தியோதுல்ப் 9ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய சிறிய கோவிலின் பீடவளைவில், கிறிஸ்துவின் உருவத்துக்குப் பதிலாக உடன்படிக்கைப் பெட்டியும் வானதூதரும் கற்பதிப்பில் இருக்கிறார்கள். உருவ வணக்கச் சர்ச்சை கொதித்துக்கொண்டிருந்த காலம் அது. ஓவியன் விருப்பம்போல் வரைந்த படத்தை, கடவுளே கட்டளையிட்டுச் செய்வித்த பெட்டியோடு ஒப்பிடக் கூடாது என்று வாதாடியவர் இந்தத் தியோதுல்ப். தம் கோவிலில் எதை வைத்தார் என்பது தற்செயல் அல்ல. 12ஆம் நூற்றாண்டில் பாரிசுக்கு அருகே புனித தெனி மடாலயத்தில் மடத்தலைவர் சுஜே அமைத்த வண்ணக் கண்ணாடியில் பெட்டியின் மேலேயே சிலுவை நாட்டப்பட்டிருக்கிறது.

நோவாவின் பேழைக்கு வருவோம். பேதுருவின் முதல் நிருபம் அதில் எட்டுப் பேர் தண்ணீர் வழியாகக் காக்கப்பட்டதை ஞானஸ்நானத்தோடு இணைக்கிறது (3:20-21). ரோமாபுரியின் நிலத்தடிக் கல்லறை ஓவியங்களில் நோவா ஒரு சின்னப் பெட்டிக்குள் கைகளை உயர்த்தியபடி தனியாக நிற்பார். மிருகங்கள் இல்லை, கப்பலும் இல்லை. இறந்தவர் காக்கப்படுவார் என்ற ஒரே செய்திக்கு அவ்வளவே போதும். அகுஸ்தீன் கணக்குப் போடுகிறவர். முந்நூறு, ஐம்பது, முப்பது முழம் என்ற பேழை அளவுகளின் விகிதம் மனித உடலின் விகிதம் என்கிறார்; பேழையின் பக்கத்தில் வைத்த கதவு, ஈட்டி குத்திய கிறிஸ்துவின் விலா என்கிறார்.

பேழை என்றால் சபை என்பதை எல்லாரும் ஒப்புக்கொண்டபோதும் சண்டை ஓயவில்லை. 3ஆம் நூற்றாண்டின் நடுவே கார்த்தேஜ் ஆயர் சிப்ரியான், பேழைக்கு வெளியே இருந்தவர் தப்பவில்லை, சபைக்கு வெளியே இருப்பவரும் தப்ப முடியாது என்று எழுதினார். அதற்குச் சில பத்தாண்டுகள் முன் ரோமாபுரி ஆயர் கலிஸ்து, பேழையில் நாயும் ஓநாயும் காகமும் இருந்தனவே, தூய்மையானவை தூய்மையற்றவை எல்லாம் கலந்துதானே இருந்தன என்று சொல்லிப் பாவிகளைச் சபையில் வைத்துக்கொள்ள வாதாடினார். இதை நமக்குச் சொல்பவர் அவரைக் கடுமையாக வெறுத்த ஹிப்போலித்து. ஒருவர் கதவைச் சாத்தவும் மற்றவர் திறக்கவும் அதே பேழை உதவியது. முன்னடையாளம் என்பது பூட்டிய சங்கேத மொழி, ஒன்றுக்கு ஒன்றே அர்த்தம் என்று நினைப்பவர்கள் இந்த இருவரையும் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

எங்கே நிறுத்துவது?

முதல் நூற்றாண்டின் முடிவிலேயே ரோமாபுரி கிளமெந்து, எரிகோவில் இஸ்ரயேல் ஒற்றரைக் காத்த ராகாப் என்ற பெண் சன்னலில் கட்டிய சிவப்பு நூல் கயிற்றை ஆண்டவரின் இரத்தம் என்று வாசித்துவிட்டார். யுஸ்தீன் பாஸ்கா ஆட்டுக்குட்டி வாட்டப்பட்ட இரண்டு கம்பிகளில் சிலுவையைக் கண்டார். அதன்பின் மரம் வந்த இடமெல்லாம் சிலுவை, தண்ணீர் வந்த இடமெல்லாம் ஞானஸ்நானம். கூடாரத்தின் முளைகள் பாதி மண்ணுக்குள், பாதி வெளியே இருப்பது மரணமும் உயிர்த்தெழுதலும் என்று விளக்கும் பிரசங்கங்கள் இன்றும் உண்டு. முளை என்றால் அப்படித்தானே இருக்கும்!

19ஆம் நூற்றாண்டில் ஆங்கில ஆயர் ஹெர்பர்ட் மார்ஷ் இதற்கு அணை கட்டினார். புதிய ஏற்பாடே முன்னடையாளம் என்று சொன்னதை மட்டும் ஏற்க வேண்டும். ஸ்காட்லாந்தின் பாட்ரிக் பேர்பேர்ன் அது அளவுக்கு மீறிய இறுக்கம் என்றார். புதிய ஏற்பாடு தருவது முழுப் பட்டியல் அல்ல, வாசிக்கும் முறைக்கு மாதிரிகள் என்பது அவர் பக்கம். நான் பேர்பேர்ன் பக்கம் சாய்கிறேன், ஒரு நிபந்தனையோடு. அந்தப் பொருள் தன் சொந்தக் கதையில் மீட்போடு தொடர்புடைய வேலை செய்ததா என்று முதலில் கேட்க வேண்டும். கூடாரப் பலகைகள் நின்ற வெள்ளிப் பாதங்களை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வெள்ளி, ஒவ்வொருவரும் தன் உயிருக்கு மீட்புப் பணமாகக் கொடுத்த அரைச் சேக்கலிலிருந்து வந்தது என்று யாத்திராகமமே சொல்கிறது (30:16, 38:25-27). மீட்பின் விலை மேல் கடவுளின் வீடு நிற்கிறது என்று அதை வாசிப்பதற்கு நூலிலேயே பிடிமானம் இருக்கிறது. முளைக்கு அப்படி ஒன்றும் இல்லை.

இதைவிடப் பெரிய தவறு வேறிடத்தில் நடந்தது. வேலை எழுந்த பிறகு மாதிரிக்கு மதிப்பில்லை என்றாரே மெலித்தோ, அதே மறையுரையில் இஸ்ரயேல் கடவுளைக் கொன்றது என்ற கொடிய குற்றச்சாட்டையும் வைத்தார். மாதிரி கழிக்கப்பட்டது என்றால் அதைக் கைவிடாதவர்கள் குருடர்கள் என்ற முடிவுக்கு அதிகத் தூரம் இல்லை. வியன்னாவுக்கு அருகே கிளோஸ்டர்நொய்பர்க் மடத்தில் வெர்துன் நிக்கோலா 1181இல் முடித்த பொற்பூச்சுப் பலகைகளில், சிலுவைக் காட்சிக்கு மேலே ஈசாக்கின் பலி, கீழே கானானிலிருந்து இருவர் தண்டில் சுமந்துவந்த திராட்சைக் குலை. தண்டில் தொங்கும் குலை கிறிஸ்து. அழகான வேலைப்பாடு. ஆனால் அந்தக் காட்சிக்கு இடைக்காலத்தில் வழங்கிய விளக்கம், முன்னால் நடப்பவர் குலைக்கு முதுகு காட்டும் யூதர், பின்னால் வருபவர் அதைப் பார்த்தபடி நடக்கும் கிறிஸ்தவர் என்பது. ஸ்திராஸ்பூர்க் பேராலய வாசலில் யூத சமயம் கண் கட்டப்பட்ட பெண்ணாக நிற்கிறது. கல்லில் நின்ற கேலி தெருவில் வன்முறையாகவும் இறங்கியது.

கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் யூதர்கள் கடவுளால் தள்ளப்பட்டவர்கள் என்று காட்டக் கூடாது என அறிவித்தது. 2001இல் திருத்தந்தையின் விவிலிய ஆணையம் இன்னும் துணிந்து, யூதர்கள் தம் வேதத்தை வாசிக்கும் முறையும் சாத்தியமான வாசிப்பே என்று எழுதியது. அப்படியானால் முன்னடையாளம் கைவிடப்பட வேண்டுமா? வேண்டியதில்லை. அது பின்னோக்கிய வாசிப்பு என்பதை ஒப்புக்கொண்டால் போதும். கிறிஸ்துவை ஏற்கெனவே நம்புகிறவர் திரும்பிப் பார்க்கும்போது தெரிவது அது. பெட்டியைச் சுமந்தவருக்கும் பாம்பை நோக்கியவருக்கும் அந்தப் பொருள்கள் அன்றைக்கே முழுமையாக இருந்தன.

ஆலயம் எரிந்தபின் பாவநிவாரணத்துக்கு வழி என்ன என்ற கேள்வி இரு சமூகத்தாருக்கும் பொதுவாகவே எழுந்தது. இடிபாடுகளைப் பார்த்து ரபி யோசுவா அழுதபோது, அவருடைய ஆசிரியர் யோகனான் பென் சக்காய், வருந்தாதே, அதற்கு இணையான வேறொரு பாவநிவாரணம் நம்மிடம் இருக்கிறது, அது இரக்கச் செயல் என்று சொன்னதாக ரபிகளின் மரபு கூறுகிறது. ஆதாரமாக அவர் காட்டியது, பலியை அல்ல இரக்கத்தையே விரும்புகிறேன் என்ற ஓசியாவின் வசனம் (6:6). மத்தேயு நற்செய்தியில் இயேசு இரண்டு முறை எடுத்தாள்வதும் அதே வசனம்தான்.